ஈஸ்டர் மான்ஸ்டர்: 16 கட்டங்களின் ஒரு வளையமும் 13 நீக்கங்களும்

கடினமான சுடோகுக்களைப் பற்றிப் பேசுவோரிடம் 2007ஆம் ஆண்டு முதல் ஒரு புதிரின் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. ஈஸ்டர் மான்ஸ்டர் என்பது அதன் பெயர். 81 கட்டங்களில் 21 எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன. மீதி 60 கட்டங்கள் வெறுமை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரே விடை கொண்ட சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்களாவது வேண்டும் என்று 2012இல் கேரி மெக்கையரின் குழு கணினி வழியே நிறுவியது. அந்த 17 எண் புதிர்களிலேயே பல, பழகியவர் ஒருவர் ஒரே அமர்வில் முடித்துவிடக் கூடியவை. கொடுக்கப்பட்ட எண்கள் எத்தனை என்பதைவிட அவை எங்கே அமர்ந்துள்ளன என்பதே புதிரின் கடினத்தைத் தீர்மானிக்கிறது.

சுடோகு எக்ஸ்பிளெய்னர் என்ற மென்பொருள், ஒரு புதிரைத் தீர்க்கும் வழியில் வரும் மிகக் கடினமான படி எதுவோ அதை வைத்து அப்புதிருக்கு மதிப்பெண் இடுகிறது. நாளிதழ்களில் 'மிகக் கடினம்' என்ற அடையாளத்தோடு வரும் புதிர்களில் பலவற்றுக்குத் தேவைப்படாத எக்ஸ்-விங் உத்திக்கே அதில் 3.2தான். ஈஸ்டர் மான்ஸ்டருக்குக் கிடைப்பது 11.6. இத்தகைய புதிரில் மனித மூளைக்கு வேலை உண்டா, அல்லது ஊகித்து எழுதி அழித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லையா என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

புதிர் இது:

1 . . | . . . | . . 2
. 9 . | 4 . . | . 5 .
. . 6 | . . . | 7 . .
. 5 . | 9 . 3 | . . .
. . . | . 7 . | . . .
. . . | 8 5 . | . 4 .
7 . . | . . . | 6 . .
. 3 . | . . 9 | . 8 .
. . 2 | . . . | . . 1

இனி, கிடையாகச் செல்வதை நிரை என்றும், செங்குத்தாகச் செல்வதை நிரல் என்றும், 3க்கு 3 அமைப்பைப் பெட்டி என்றும், ஒரு கட்டத்தில் இன்னும் விலக்கப்படாமல் இருக்கும் எண்ணை வாய்ப்பெண் என்றும் குறிப்பிடுகிறேன். (2,7) என்றால் 2ஆம் நிரையும் 7ஆம் நிரலும் சந்திக்கும் கட்டம்.

பென்சிலை எடுத்து 60 கட்டங்களுக்கும் வாய்ப்பெண்களைக் குறித்துப் பார்த்தால், முதல் ஏமாற்றம் உடனே வந்துவிடுகிறது. எந்தக் கட்டத்திலும் மூன்றுக்குக் குறைவான வாய்ப்பெண்கள் இல்லை. ஒரு நிரையிலோ நிரலிலோ பெட்டியிலோ ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு என்ற நிலையும் எங்கும் இல்லை. இரண்டே வாய்ப்பெண்கள் கொண்ட கட்டங்களை நம்பியே நிற்கும் எக்ஸ்ஒய்-விங் போன்ற உத்திகளுக்கு இங்கே கால் வைக்கவும் இடமில்லை. உயர்நிலை உத்திகளின் பட்டியலை மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு பெயராகப் பொருத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பொருந்தாமல் பென்சிலைக் கீழே வைக்கும் இடம் இதுதான். அந்தப் பட்டியல் முறையே பாதிக் குற்றவாளி என்பது என் கருத்து. உத்திகளைத் தனித்தனி உருவங்களாகக் கற்பதால், அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடும் ஒரே கணக்கு கண்ணில் படாமல் போகிறது.

அந்தக் கணக்கு மிக எளியது. ஒரு நிரையில் மூன்று கட்டங்களில் 1, 2, 6 ஆகிய மூன்று எண்கள் மட்டுமே வரக்கூடும் என்றால், அந்த மூன்று எண்களும் அந்த மூன்று கட்டங்களிலேயே தீர்ந்துவிடும். அந்த நிரையின் மற்றக் கட்டங்களுக்கு அவை கிடைக்கா. எக்ஸ்-விங் உத்தியில் ஓர் எண் இரண்டு நிரைகளிலும் அதே இரண்டு நிரல்களில் மட்டும் வரக்கூடும். இரண்டு நிரைகளின் தேவையை இரண்டு நிரல்கள் நிறைவேற்றியாக வேண்டும் என்பதால், அந்த நிரல்களின் பிற இடங்களிலிருந்து அந்த எண் நீங்குகிறது. இரண்டிலும் தேவையும் இருப்பும் சரிசமம், மிச்சம் இல்லை. நிரப்பியாக வேண்டிய இடங்கள் எத்தனையோ, அவற்றை நிரப்பக் கூடியவையும் அத்தனையே என்று காட்டிவிட்டால், நிரப்பக் கூடியவற்றில் ஒன்றுகூட வெளியே போக முடியாது. பந்தியில் 16 இலைகள் போட்டு, ஓர் இலைகூடக் காலியாக இருக்கக் கூடாது என்று விதித்து, வந்த விருந்தினரும் 16 பேர்தான் என்றால், அவர்களில் எவரும் வேறிடத்தில் உட்கார முடியாது அல்லவா, அதே நியாயம்தான்.

16 என்ற எண்ணை அங்கே வேண்டுமென்றே எழுதினேன். ஈஸ்டர் மான்ஸ்டரை முதலில் அசைத்தது 16 கட்டங்கள் கொண்ட ஒரு வளையம். அதைக் கண்டறிந்தவரின் பெயரெழுத்துகளால் சுடோகு உலகம் அதை எஸ்.கே. வளையம் என்று அழைக்கிறது.

மூலைப் பெட்டிகள் நான்கையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள் சாய்கோட்டில் அமர்ந்துள்ளன. ஒவ்வொன்றின் நடுக்கட்டமும், அதாவது (2,2), (2,8), (8,2), (8,8) ஆகியவை, நிரம்பியிருக்கின்றன. இந்த நான்கின் வழியே செல்லும் 2ஆம் நிரை, 8ஆம் நிரை, 2ஆம் நிரல், 8ஆம் நிரல் ஆகியவற்றில், மூலைப் பெட்டிகளுக்குள் விழும் வெற்றுக் கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எட்டு இணைகள், மொத்தம் 16 கட்டங்கள் கிடைக்கும். மேல் இடது பெட்டியில் தொடங்கி வலஞ்சுழியாக அவற்றின் வாய்ப்பெண்கள் இவை:

(2,1): 2 3 8, (2,3): 3 7 8
(2,7): 1 3 8, (2,9): 3 6 8
(1,8): 3 6 9, (3,8): 1 3 9
(7,8): 2 3 9, (9,8): 3 7 9
(8,7): 2 4 5, (8,9): 4 5 7
(8,1): 4 5 6, (8,3): 1 4 5
(7,2): 1 4 8, (9,2): 4 6 8
(1,2): 4 7 8, (3,2): 2 4 8

இந்தப் பட்டியலின் ஒழுங்கைக் கண்டு ஒரு கணம் நிற்காமல் இருக்க முடியாது. 16 கட்டங்களிலும் சரியாக மூன்று வாய்ப்பெண்கள். ஒவ்வோர் இணையிலும் இரண்டு எண்கள் இரு கட்டங்களுக்கும் பொது, மூன்றாவது மட்டும் வேறு. 2ஆம் நிரையின் இரு இணைகளுக்கும் பொதுவானவை 3, 8. 8ஆம் நிரலின் இரு இணைகளுக்கும் 3, 9. 8ஆம் நிரைக்கு 4, 5. 2ஆம் நிரலுக்கு 4, 8. இந்தப் பொது எண்களை ஒதுக்கிவிட்டால் எஞ்சுபவை, மேல் இடது பெட்டியிலும் கீழ் வலது பெட்டியிலும் 2, 7. மற்ற இரு மூலைகளிலும் 1, 6.

இப்போது கணக்கு. '2ஆம் நிரையின் 3' என்பது ஒன்று. அந்த நிரையில் 3 ஒரே முறைதான் வரும் என்பதால், 16 கட்டங்களில் அது அதிகபட்சம் ஒன்றையே நிரப்ப முடியும். 'மேல் இடது பெட்டியின் 7' என்பது இன்னொன்று. அதுவும் அதிகபட்சம் ஒரு கட்டத்தையே நிரப்பும். நான்கு கோடுகளுக்கு இரண்டிரண்டாக எட்டு, நான்கு பெட்டிகளுக்கு இரண்டிரண்டாக எட்டு, ஆக மொத்தம் 16. மேலே உள்ள 48 வாய்ப்பெண்களில் ஒவ்வொன்றும் இந்த 16இல் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடுகிறது. அடங்காத ஒன்றைத் தேடினால் கிடைக்காது. நிரப்ப வேண்டிய கட்டங்கள் 16, நிரப்பக் கூடியவையும் 16, ஒவ்வொன்றாலும் ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது. எனவே 16இல் ஒவ்வொன்றும் இந்த வளையத்துக்குள்ளேயே, சரியாக ஒரு முறை, பயன்பட்டாக வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று நமக்கு இன்னும் தெரியாது. ஆனால் 2ஆம் நிரையின் 3 வளையத்துக்கு வெளியே, அந்த நிரையின் நடுப்பகுதியில், வரவே முடியாது என்பது உறுதியாகிவிட்டது.

இதில் எங்கும் 'ஒருவேளை இப்படி இருந்தால்' என்ற அனுமானம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று கட்டங்களின் கணக்கை 16 கட்டங்களுக்கு நீட்டியிருக்கிறோம், அவ்வளவே. மூன்று கட்டங்கள் ஒரே நிரையில் இருந்ததால் அங்கே கண்ணுக்கு எளிதாகத் தெரிந்தது. இங்கே நான்கு கோடுகளும் நான்கு பெட்டிகளும் மாறி மாறிக் கை கோத்திருப்பதால் தெரியவில்லை.

விளைவாக நீங்கும் வாய்ப்பெண்களை எண்ணினால் 13 வருகின்றன. மேல் இடது பெட்டியில் (1,3) தன் 7ஐயும், (3,1) தன் 2ஐயும் இழக்கின்றன. 2ஆம் நிரையில் (2,5)இலிருந்து 3, 8 இரண்டும், (2,6)இலிருந்து 8ம் போகின்றன. 8ஆம் நிரலில் (5,8) தன் 3, 9 ஆகியவற்றையும், 2ஆம் நிரலில் (5,2) தன் 4, 8 ஆகியவற்றையும் விடுகின்றன. 8ஆம் நிரையில் (8,4)இன் 5, (8,5)இன் 4. கீழ் இடது பெட்டியில் (7,3)இன் 1, (9,1)இன் 6. வலப்புற மூலைப் பெட்டிகள் இரண்டிலும் நீக்க எதுவும் இல்லை; அங்கே வளையத்துக்கு வெளியே உள்ள கட்டங்களில் அந்த எண்கள் முன்பே இல்லாமல் போயிருந்தன.

இவ்வளவு பெரிய வாதத்துக்குப் பிறகும் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லையே என்று சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால் 5ஆம் நிரையைப் பாருங்கள். முன்பு 1, 2, 4, 6, 8 என்று ஐந்து வாய்ப்பெண்கள் வைத்திருந்த (5,2)இல் இப்போது 1, 2, 6 மட்டும். 1, 2, 3, 6, 9 என்று இருந்த (5,8)இலும் 1, 2, 6 மட்டும். நடுவே (5,4) தொடக்கத்திலிருந்தே 1, 2, 6 என்று காத்திருந்தது. ஒரே நிரையில் மூன்று கட்டங்கள், மூன்று எண்கள்: தொடக்க நிலைப் பயிற்சியில் கற்கும் மூவர் கூட்டு. அந்த நிரையின் மற்றக் கட்டங்களிலிருந்து 1, 2, 6 விலக வேண்டும். (5,6)இல் இருந்தவை 1, 2, 4, 6. மூன்றும் விலகியதும் எஞ்சுவது 4. புதிரின் முதல் எண் விழுந்துவிட்டது.

அந்த 4, நடுப்பெட்டியில் (4,5)இன் 4ஐ நீக்குகிறது. (4,5) 1, 2, 6 என்று சுருங்குகிறது. வளையத்தால் (2,5), (8,5) ஆகியவையும் ஏற்கெனவே 1, 2, 6 என்று சுருங்கியிருந்தன. ஆக 5ஆம் நிரலிலும் அதே மூன்று எண்களின் மூவர் கூட்டு உருவாகி, (1,5), (3,5) ஆகியவை 3, 8, 9 என்றும், (7,5), (9,5) ஆகியவை 3, 4, 8 என்றும் ஆகின்றன. வளையம் தானாக எண் எதையும் எழுதவில்லை. ஆனால் எளிய உத்தி நுழைய ஒரு வாசலைத் திறந்துவிட்டது. கடினமான படியை எடுத்தவுடன் அடுத்த கடினமான படியைத் தேடிப் போகாமல், முதலில் எளியவற்றை மீண்டும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்று புதிர் தீர்த்துப் பழகியவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வளையம் ஏன் இந்தப் புதிரில் உருவானது என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பகுதியே மொத்த வாதத்திலும் சுவையானது. மேல் இடது பெட்டியிலும் கீழ் வலது பெட்டியிலும் 1, 6 இரண்டும் கொடுக்கப்பட்டுள்ளன. மற்ற இரு மூலைப் பெட்டிகளிலும் 2, 7 இரண்டும் கொடுக்கப்பட்டுள்ளன. இவை அனைத்தும் நடுக்கட்டங்களுக்கு வெளியே இருக்கின்றன. இப்போது 2ஆம் நிரையில் உள்ள 9, 4, 5 மூன்றையும் கழித்தால் எஞ்சும் ஆறு எண்களில் 1, 2, 6, 7 நான்கும் போக மீதி 3, 8. இடப்பக்க இணையில் 1, 6 வர முடியாது. எனவே 2, 7, 3, 8. வலப்பக்க இணையில் 2, 7 வர முடியாது. எனவே 1, 6, 3, 8. மற்ற மூன்று கோடுகளிலும் இதே நடைமுறை: ஒன்பது எண்களில் கொடுக்கப்பட்டவை மூன்று, மூலைகளுக்குரியவை நான்கு, கோட்டுக்குரியவை இரண்டு.

ஆகவே நான்கு கோடுகளிலும் நடுக்கட்டங்களைத் தவிர இன்னும் ஓர் எண் கட்டாயம் வேண்டும். 2ஆம் நிரையில் (2,4)இல் உள்ள 4, 8ஆம் நிரையில் (8,6)இல் உள்ள 9, 2ஆம் நிரலில் (4,2)இல் உள்ள 5, 8ஆம் நிரலில் (6,8)இல் உள்ள 4 ஆகியவையே அந்த எண்கள். பார்வைக்கு மூலைப் பெட்டிகளோடு தொடர்பே இல்லாதவை போல அவை நிற்கின்றன. (2,4)இல் 4 இல்லாதிருந்தால், 2ஆம் நிரையின் இணைகளில் 4ம் வாய்ப்பெண்ணாக நுழையும், நிரப்பக் கூடியவை 17 ஆகும், கட்டங்கள் 16தான். ஒன்று மிஞ்சிவிட்டால் எது வெளியே போகும் என்று சொல்ல முடியாது, வாதம் அங்கேயே சரிந்துவிடும்.

இதிலிருந்து இத்தகைய வளையத்தைத் தேடும் முறையும் கிடைக்கிறது. நான்கு வெவ்வேறு பெட்டிகளில், இரண்டு நிரைகளும் இரண்டு நிரல்களும் சந்திக்கும் நான்கு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்த நான்கு கோடுகளிலும், அந்தப் பெட்டிகளுக்குள் எஞ்சும் எட்டு இணைகளில் ஒவ்வொன்றிலும் மொத்தம் நான்கு வெவ்வேறு எண்களே உள்ளனவா என்று எண்ண வேண்டும். ஐந்தாவது ஓர் எண் தென்பட்டால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடலாம். நான்கு மட்டும் என்றால், ஓர் இணையில் தொடங்கி, அடுத்த இணையோடு பொதுவான இரண்டு எண்களைக் குறித்து, மீதி இரண்டு அதற்கடுத்த இணைக்குப் பொதுவா என்று பார்த்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெட்டிகள் இந்தப் புதிரில் மூலைகளில் இருப்பது தற்செயல்; நிரைத் தொகுதிகளையும் நிரல் தொகுதிகளையும் இடம் மாற்றினாலும் புதிர் தன்மை மாறாது என்பதால், வளையம் வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கலாம். கொடுக்கப்பட்ட எண்கள் சமச்சீராக அமைந்த புதிர்களில் இதைத் தேடுவது வீண் உழைப்பாகாது. மற்றவற்றில் மிக அரிதாகவே அகப்படும்.

வளையத்தோடு ஈஸ்டர் மான்ஸ்டர் விழுந்துவிட்டதா என்றால், இல்லை. இப்போது 22 எண்கள் நிற்கின்றன. இணை, மூவர் கூட்டு, ஓர் எண்ணுக்கு ஒரே இடம் என்று எல்லா நிரைகளையும் நிரல்களையும் பெட்டிகளையும் மீண்டும் சுற்றி வந்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்குப் பின் வேண்டுவது சங்கிலிகள். எடுத்துக்காட்டாக, மேல் இடது பெட்டியில் 2 இனி (2,1), (3,2) ஆகிய இரண்டில் ஒன்றில்தான். (5,2)இல் 2 என்று வைத்துக்கொண்டால், அதே நிரலில் உள்ள (3,2)இல் 2 வராது. எனவே (2,1)இல் 2. எனவே 2ஆம் நிரையின் நடுப்பகுதியில் 2 வராது. எனவே மேல் நடுப்பெட்டியின் 2, 3ஆம் நிரையில் (3,4) அல்லது (3,6)இல். இந்தச் சங்கிலி தன்னளவில் எதையும் நீக்குவதில்லை. இரண்டு வெவ்வேறு தொடக்கங்கள் ஒரே முடிவுக்கு வந்தாலோ, ஒரு தொடக்கம் தன்னையே மறுத்தாலோதான் பயன். ஈஸ்டர் மான்ஸ்டரின் மீதிப் பாதையில் அத்தகைய சங்கிலிகள் நீளமாகவும் கிளை விட்டும் செல்கின்றன. அவற்றை ஊகித்துப் பார்த்தலிலிருந்து பிரிக்கும் கோடு எங்கே என்ற சர்ச்சை புதிர் தீர்ப்பவர்களிடையே பழையது. தாளில் எழுதாமல் மனத்தில் முழுவதையும் தாங்க முடிந்தால் அது தருக்கம், முடியாவிட்டால் அது ஊகம் என்பது சிலரின் அளவுகோல்; ஆளுக்கு ஆள் மாறும் அளவுகோலை நான் ஏற்பதில்லை. வளையத்தின் வாதம் எந்த எண்ணையும் எந்தக் கட்டத்திலும் தற்காலிகமாகக்கூட வைத்துப் பார்க்கவில்லை. சங்கிலி வைத்துப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

முழு விடையைக் கொண்டு வளையத்தைச் சரிபார்க்கலாம்:

1 7 4 | 3 8 5 | 9 6 2
2 9 3 | 4 6 7 | 1 5 8
5 8 6 | 1 9 2 | 7 3 4
4 5 1 | 9 2 3 | 8 7 6
9 2 8 | 6 7 4 | 3 1 5
3 6 7 | 8 5 1 | 2 4 9
7 1 9 | 5 4 8 | 6 2 3
6 3 5 | 2 1 9 | 4 8 7
8 4 2 | 7 3 6 | 5 9 1

மேல் இடது பெட்டியின் 2 (2,1)இலும், 7 (1,2)இலும் உள்ளன. 2ஆம் நிரையின் 3 (2,3)இலும், 8 (2,9)இலும். மேல் வலது பெட்டியின் 1 (2,7)இல், 6 (1,8)இல். 8ஆம் நிரலின் 3 (3,8)இல், 9 (9,8)இல். கீழ் வலது பெட்டியின் 2 (7,8)இல், 7 (8,9)இல். 8ஆம் நிரையின் 4 (8,7)இல், 5 (8,3)இல். கீழ் இடது பெட்டியின் 6 (8,1)இல், 1 (7,2)இல். 2ஆம் நிரலின் 4 (9,2)இல், 8 (3,2)இல். 16ம் வளையத்துக்குள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எட்டு இணைகளிலும் ஒரு கட்டம் கோட்டுக்குரிய எண்ணையும் மற்றொன்று பெட்டிக்குரிய எண்ணையும் பெற்றுள்ளன. வளையத்தின் கணக்கு அந்தச் சமப் பங்கீட்டைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓர் இணை முழுவதும் கோட்டுக்குரிய எண்களும், அடுத்த இணை முழுவதும் பெட்டிக்குரிய எண்களுமாக நிரம்பினாலும் அந்தக் கணக்கு அப்படியே நிறைவேறும். அதைத் தீர்மானித்தவை பின்னால் வந்த சங்கிலிகள்தாம்.